தறிச் சத்தமும் ஹெச்.ஆர். ரவுண்டும்

அந்தப் பையனுக்கு மாக் இன்டர்வியூ எடுத்தது ஒரு ஜனவரி மதியம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஊர். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். "டெல் மி அபௌட் யுவர்செல்ஃப்" என்றதும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். பெயர், ஊர், கல்லூரி, "மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க்", "மை வீக்னெஸ், ஐ ட்ரஸ்ட் எவ்ரிபடி ஈஸிலி". இடையில் ஒரு வரி: "மை ஃபாதர் இஸ் எ பிசினஸ்மேன்."

"என்ன பிசினஸ்ப்பா?"

கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "தறி ஓட்டுறாங்க மேடம்."

"சொந்தத் தறியா?"

"இல்ல மேடம். கூலிக்கு."

இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழிலேயே சொல்லு என்றேன். பத்து நிமிடம் பேசினான். விசைத்தறியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஓர் இழை அறுந்தால் நிற்காது. தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், கவனிக்கத் தவறினால் துணி நெடுகக் கோடு விழுந்துவிடும். அதனால் கண் பாவின் மேலேயே இருக்க வேண்டும். அப்பா சாப்பிடப் போகிற அரை மணி நேரம் நான்கு தறியையும் பிளஸ் டூ படித்த காலத்திலிருந்து இவன்தான் பார்த்துக்கொள்கிறான். வாரம் எத்தனை மீட்டர் ஓடியது, அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது என்று நோட்டுப் போட்டு எழுதுவதும் அவன் வேலை. ஒரு தீபாவளி சமயம் கூலிக் கணக்கில் இரண்டு வாரம் விடுபட்டிருந்தது. அந்த நோட்டைக் காட்டித்தான் பணத்தை வாங்கினார்கள்.

"இதெல்லாம் ஏன்ப்பா ரெஸ்யூம்ல இல்ல?"

"இதுல என்ன மேடம் இருக்கு?" என்றான். உண்மையாகவே கேட்டான்.

பல வருடங்களாகக் கடைசி வருட மாணவர்களுக்கு முதல் நேர்காணலுக்கான பயிற்சி கொடுத்து வருகிறேன். வேலைக்குப் போன மாணவர்கள் பேசும்போது வேறொரு கேள்வி வருகிறது: பிடித்துப் பார்க்கிறார்களா, பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறார்களா? இவை இரண்டையும் தனித்தனியாகவே பேசுகிறோம். நேர்காணலைப் பற்றிப் பயிற்சி மையங்கள் பேசுகின்றன, வேலையில் மனம் ஒட்டுவதைப் பற்றி உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் பேசுகிறார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே சங்கதியின் இரண்டு முனைகள். வேலையில் மனம் ஒட்டுமா என்பதில் பெரும்பங்கு, அந்த வேலையைப் பற்றி உள்ளே போகும் முன் என்ன தெரிந்திருந்தது என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ளக் கிடைக்கும் முதல் இடம் நேர்காணல் அறை. அந்த அறைக்குப் பதில்களை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போகப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம்.

வேலை ஒருவருக்கு என்ன தருகிறது என்பது அது இல்லாதபோதுதான் தெளிவாகத் தெரியும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைசல் ஆகியோர் அந்த ஊரை ஆராய்ந்து 1933இல் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. வேலை போனதால் நேரம் ஏராளமாகக் கிடைத்ததே, நூலகத்துக்குக் கூட்டம் வந்திருக்குமே என்று நாம் நினைப்போம். புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்களின் நடை தளர்ந்தது. தெருவில் நடக்கும்போதே நின்று நின்று போனார்கள். சம்பளத்துக்கு அப்பால் வேலை தருபவற்றை யஹோதா பின்னாளில் வரிசைப்படுத்தினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, ஊரில் ஓர் அடையாளம், சும்மா இருக்க விடாத ஒரு கட்டாயம். கல்யாண வீட்டுப் பந்தியில் "தம்பி இப்ப என்ன பண்றாப்ல?" என்ற கேள்விக்குப் பயந்து சாப்பிடாமலே திரும்பிய பட்டதாரிகளுக்கு இந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை.

வேலை இருப்பவர்களின் நிலையும் பெரிய சந்தோஷமாக இல்லை. கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் உலக அளவில் எடுக்கும் கணக்கில், 2024இல் தங்கள் வேலையில் மனம் ஊன்றியிருப்பவர்கள் 21 சதவீதம்தான். மனம் எதில் ஊன்றுகிறது என்ற கேள்விக்கு, ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வு முந்தைய தலைமுறைக்கு வேதம் மாதிரி. பிட்ஸ்பர்க்கில் இருநூறு பொறியாளர்களையும் கணக்கர்களையும் கூப்பிட்டு, வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்த ஒரு சமயத்தையும் மிகவும் நொந்துபோன ஒரு சமயத்தையும் சொல்லச் சொன்னார். சந்தோஷக் கதைகளில் சாதித்தது, பாராட்டு, வேலையின் சுவை ஆகியவை வந்தன. நொந்த கதைகளில் கம்பெனி விதிகள், மேலதிகாரி, சம்பளம் ஆகியவை வந்தன. இதை வைத்து, மனநிறைவும் மனக்குறையும் ஒரே கோட்டின் இரண்டு நுனிகள் கிடையாது, இரண்டுக்கும் வேர் வேறு என்றார். நல்லது நடந்தால் தன்னால் நடந்தது என்றும் கெட்டது நடந்தால் பிறரால் நடந்தது என்றும் சொல்வது மனித சுபாவம், அதைத்தான் இவர் அளந்திருக்கிறார் என்று மறுத்தவர்கள் உண்டு. எனக்கு அந்த மறுப்பில் நியாயம் தெரிகிறது. ஆனாலும், சம்பளம் சரியாக வந்தும் மனம் ஒட்டாமல் பேப்பர் போட்டுவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது ஹெர்ஸ்பெர்க்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

'வேலையில் ஓர் அர்த்தத்தைக் கண்டுபிடி' என்ற போதனையில் மட்டும் நான் எச்சரிக்கையாக இருப்பேன். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களில் சிலர், தாங்களும் நோயாளியைக் குணப்படுத்துவதில் ஒரு பங்கு என்று எண்ணி நிறைவோடு வேலை செய்வதை எமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் ஆகியோர் 2001இல் எழுதினார்கள். அருமையான கவனிப்பு. ஆனால் நம் ஊர் துணிக்கடைகளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே சேலை விரித்த பெண்களுக்குத் தேவைப்பட்டது அர்த்தம் கிடையாது, ஒரு ஸ்டூல். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தித்தான் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்க முடிந்தது. உட்கார இடம் கொடுத்த பிறகு அர்த்தம் பற்றிப் பேசலாம்.

நான் அதிகம் நம்புவது எதிர்பார்ப்பைப் பற்றிய ஆய்வுகளை. ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் இருவரும் சுமார் 5,000 பிரிட்டிஷ் தொழிலாளர்களின் விவரங்களை வைத்து 1996இல் ஒன்றைக் காட்டினார்கள். ஒருவரின் வேலைத் திருப்தி அவர் வாங்கும் சம்பளத் தொகையோடு அவ்வளவாக ஒட்டவில்லை, தன்னைப் போன்றவர்கள் வாங்குவதோடு ஒப்பிட்டால் தன் சம்பளம் எப்படி என்பதோடுதான் ஒட்டியது. அதோடு, ஒரே வருமானத்தில் அதிகம் படித்தவர்களின் திருப்தி குறைவாக இருந்தது. படிப்பு எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது. மறு வருடம் கிளார்க் இன்னொரு புதிரை எடுத்தார்: பிரிட்டனில் பெண்களுக்குச் சம்பளமும் பதவியும் குறைவாக இருந்தும், ஆண்களைவிடத் திருப்தி அதிகம் என்று ஏன் சொல்கிறார்கள்? குறைவாகவே எதிர்பார்த்துப் பழகியதால் என்பது அவர் முடிவு. இளம் பெண்கள், அதிகம் படித்த பெண்கள் நடுவே அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஆகவே 'எனக்கு வேலை பிடிச்சிருக்கு' என்று ஒருவர் சொல்வதை வைத்து வேலை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அவருக்கு எதிர்பார்க்கக் கற்றுத் தரப்படாமல் இருந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த எதிர்பார்ப்பு சமாச்சாரத்துக்குத் தனிக் கனம் உண்டு. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுக்க 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இவர்களில் பலர், வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறிய பிள்ளைகள். 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சி தருகிறது. படிக்க வைத்தோம், சரி. ஆனால் மாதச் சம்பள வேலை என்பது என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்ல ஆள் இல்லை. 2022-23 காலத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலை செய்வோரில் 57.3 சதவீதம் சுயதொழில், 21.8 சதவீதம் தினக்கூலி. நிலையான சம்பளக்காரர்கள் 20.9 சதவீதம்தான். அதாவது ஐந்தில் நான்கு பேர் யாருக்கும் பயோடேட்டா கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, 'உங்களை ஏன் எடுக்க வேண்டும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வேலைக்குப் போனவர்கள் கிடையாது. அப்பா வேலைக்குச் சேர்ந்த கதையில் சித்தப்பா கூட்டிக்கொண்டு போனார், மேஸ்திரி வரச் சொன்னார் என்றுதான் இருக்கும். நேர்காணல் என்பது அந்த வீட்டில் யாரும் போகாத ஊர்.

முகம் பார்க்காத தேர்வின் மேல் நம் மக்களுக்கு இருக்கும் பிடிப்பை இதிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்கு நேர்முகத் தேர்வு கிடையாது. 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஓய்வூதியமும் பணிப் பாதுகாப்பும் காரணம்தான். ஆனால் விடைத்தாளுக்கு என் இங்கிலீஷும் தெரியாது, அப்பா தொழிலும் தெரியாது என்ற நிம்மதி அதில் இருக்கிறது. மத்திய அரசும் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்காணலை எடுத்துவிட்டது. சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் அது வாசல் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். இந்தப் பிடிப்புக்கு ஒரு விலையும் உண்டு. 2001 முதல் 2006 வரை தமிழ்நாடு அரசு பெரும்பாலான பணி நியமனங்களை நிறுத்தி வைத்திருந்தது. அந்தக் காலத்தைப் பொருளியலாளர் குணால் மங்கள் ஆராய்ந்தார். வாய்ப்பு குறைந்ததால் இளைஞர்கள் தனியார் வேலைக்குத் திரும்பவில்லை. இன்னும் அதிக நாள் வேலைக்குப் போகாமல் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருந்தார்கள்.

தனியார் நேர்காணல் அவ்வளவு நம்பத்தகாததா? ஆய்வுகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்கு முன்பே வகுத்த அளவில் மதிப்பெண் போட்டால் அது ஒரு நல்ல அளவுகோல். உட்கார்ந்து, பேசி, 'பையன் எப்படி' என்று மனத்தில் பட்டதை வைத்து முடிவெடுத்தால் மோசமான அளவுகோல். ஷ்மிட், ஹன்ட்டர் ஆகியோர் 1998இல் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நேர்காணல் மதிப்பீடு பின்னாளைய வேலைத் திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், சும்மா பேசும் நேர்காணலுக்கு 0.38, ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கு 0.51 (ஒன்று என்றால் முழுப் பொருத்தம்). பால் சாக்கெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2022இல் அதே கணக்கைத் திருத்திப் போட்டபோது முன்னது 0.19க்கு இறங்கியது. பின்னது 0.42இல் நின்று, எல்லாத் தேர்வு முறைகளிலும் முன்னணிக்கு வந்தது. நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்த 0.19ஐ நான் சொல்வதுண்டு. அரை மணி நேரப் பேச்சில் உன் தகுதியை யாரும் முழுசாக அளந்துவிடவில்லை.

மனத்தில் பட்டதை வைத்து எடுக்கும்போது மனத்தில் என்ன படுகிறது என்பதும் தெரிந்ததே. சுரீந்தர் ஜோத்கா, கேத்ரின் நியூமன் ஆகியோர் 2007இல் ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசி எழுதிய கட்டுரையில், தகுதி ஒன்றே போதும் என்று சொன்ன அதே மேலாளர்கள் 'குடும்பப் பின்னணி'யை அவசியம் கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா படித்தவரா, என்ன வேலை, எந்த ஊர். அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றிப் பத்திரிகை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்ததை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தறிக்காரர் மகன் அப்பாவை பிசினஸ்மேன் ஆக்கியது சும்மா இல்லை. அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

பொய் சொன்னான் என்று அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பொய்யால் இழப்பு அவனுக்குத்தான். ஒழுங்காக நடத்தப்படும் நேர்காணலில், 'ஒரு சிக்கலை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், ஒரு சம்பவம் சொல்லுங்கள்' என்பது போன்ற கேள்விகள் வரும். என்ன நிலைமை, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன ஆனது என்ற வரிசையில் சொல்ல வேண்டும். கல்லூரி ப்ராஜெக்டை எல்லோரும் சொல்வார்கள், பாதிப் பேருடையது காசு கொடுத்து வாங்கியது. இரண்டு வாரக் கூலி விடுபட்டதை நோட்டைக் காட்டி மீட்டவன் கணக்குச் சரிபார்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லையா? நான்கு தறியை ஒரே நேரத்தில் கண் வைத்துப் பார்த்தவனுக்குக் கவனம் என்றால் என்னவென்று சர்டிஃபிகேட் வேண்டுமா? அன்றைக்கு அந்த இரண்டையும் எளிய இங்கிலீஷில், ஒவ்வொன்றும் ஐந்தாறு வரியில், அவன் வாயாலேயே சொல்ல வைத்தோம். முதலில் "வார்ப்", "வெஃப்ட்" என்று தேடினான். 'த்ரெட்' போதும் என்றேன். மூன்றாவது முறை சொல்லும்போது கை ஃபைலை விட்டுவிட்டது.

பதற்றத்துக்கு ஒரு சின்ன யோசனை உண்டு. அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், பேசுவதற்கு முன் 'அமைதியாக இரு' என்று அடக்கப் பார்த்தவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பு போகாது, அதன் பெயரை மாற்றலாம். உடை, கைகுலுக்கல், கண்ணைப் பார்ப்பது பற்றிப் பயிற்சி மையங்களே போதுமான அளவு சொல்லிவிடுகின்றன.

யாரும் சொல்லித் தராதது, எதிரே இருப்பவரிடம் கேட்பது. உள்ளே போகும் முன் உண்மை தெரிந்தால் என்ன ஆகும்? ஜான் வானஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியில் ஆபரேட்டர் வேலைக்கு வந்த பெண்களில் ஒரு குழுவுக்கு வழக்கமான விளம்பரப் படத்தைக் காட்டினார். இன்னொரு குழுவுக்கு வேலையின் அலுப்பு, கண்காணிப்பு எல்லாவற்றையும் உள்ளபடி காட்டும் படம். உண்மையைப் பார்த்தவர்கள் வேலையை மறுத்துவிட்டு ஓடவில்லை. சேர்ந்த பிறகு வேலையை விடும் எண்ணம் அவர்களிடம் குறைவாக இருந்தது. பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் அச்யுதா அத்வர்யுவும் மற்றவர்களும் செய்த ஆய்வு இதற்கு மறுபக்கம். 2016இல் சம்பள உயர்வு எதிர்பார்த்த அளவுக்கு வராமல் தொழிலாளர்கள் சோர்ந்திருந்தபோது, சிலரிடம் மட்டும் சம்பளம், சூப்பர்வைசர், வேலை நிலைமை பற்றிப் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது சுமார் 20 சதவீதம் குறைந்தது. அந்த ஒரு உயர்வுக்கு மேல் காசு எதுவும் கூடவில்லை.

எங்கள் மாணவர்கள் கேட்கத் தயங்கும் முதல் கேள்வி சம்பளம். 'பேக்கேஜ் 3.6 லட்சம்' என்றால் மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள், அம்மா அதை நம்பிச் சீட்டுப் போட்டுவிடுகிறார். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அடிப்படைச் சம்பளம் பாதி, 15,000 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 700 சொச்சம் எல்லாம் அந்த முப்பதாயிரத்துக்குள்தான். அதன்பின் நம் பங்கு பி.எஃப். 1,800. கைக்கு வருவது 25,000 சொச்சம். 'வேரியபிள் பே' என்று ஒரு பகுதி இருந்தால் இன்னும் குறையும். சென்னையில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ் போக என்ன மிஞ்சும் என்று அவர்களே கணக்குப் போடட்டும். சம்பளம் குறைவு என்பதைவிட, முதல் மாதம் வீட்டுக்குச் சொன்னது பொய்யாகிப் போவதுதான் பிள்ளைகளை அதிகம் உடைக்கிறது.

மீதிக் கேள்விகள் எளியவை. ஷிஃப்ட் எப்படி, இரவு ஷிஃப்டுக்கு வண்டி உண்டா? பாண்டு எத்தனை வருடம், இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும்? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைப்பீர்களா? (வைப்போம் என்றால் எழுந்து வந்துவிடு என்பேன்.) நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? முதல் ஆறு மாதம் நான் யாரிடம் வேலை கற்றுக்கொள்வேன்? எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? "இப்படிக் கேட்டா எடுப்பாங்களா மேடம்?" என்ற பயம் எப்போதும் வரும். நியாயமான பயம். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது கேள்வி கேட்பவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைக்கும் ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் அடுக்காதே, கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" என்பார்கள், அப்போது இரண்டு கேள், மீதியை ஆஃபர் லெட்டர் வந்ததும் கையெழுத்துக்கு முன் கேள் என்கிறேன். வீட்டில் ஒரு வருமானத்தை நம்பி ஐந்து பேர் இருந்தால், பதில் பிடிக்காவிட்டாலும் சேரத்தான் வேண்டியிருக்கும். தெரிந்து சேர்வது, தெரியாமல் மாட்டுவது மாதிரி வலிக்காது.

தறிக்காரர் மகன் மார்ச்சில் ஒரு கம்பெனியின் டேட்டா சரிபார்க்கும் வேலைக்கு நேர்காணலுக்குப் போனான். அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள், பவர்லூம் ஆபரேட்டர் என்றான். நோட்டுக் கதையைச் சொன்னான். கடைசியில், இந்த டீமில் ஆட்கள் எவ்வளவு நாள் இருக்கிறார்கள் என்று கேட்டான். எதிரே இருந்த பெண்மணி கொஞ்சம் யோசித்து, போன பேட்சில் மூன்று பேர் இரவு ஷிஃப்ட் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டார்கள் என்று சொன்னாராம். ஊருக்கு வந்து இரண்டு நாள் வீட்டில் பேசிவிட்டுச் சேர்ந்தான்.

ஜூலை ஒன்றாம் தேதி ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. இடைவேளை போல, பின்னால் டீ மெஷின் சத்தம். "மேடம், சம்பளம் ஏறிடுச்சு. போர்டுல போட்ட கணக்குக்கு நானூறு ரூபா கம்மி. பே ஸ்லிப் எடுத்துப் பார்த்தேன், இன்சூரன்ஸுக்குப் பிடிச்சிருக்காங்க. நோட்டுல எழுதிட்டேன்."